எறிபொருள் கணக்கு: சூத்திரத்தைத் தொடும் முன்

எறிபொருள் இயக்கம் பாடத்தைத் தொடங்கிய சில நாளிலேயே மாணவர் கையில் மூன்று சூத்திரங்கள் சேர்ந்துவிடும்: பறக்கும் நேரம், பெரும உயரம், கிடைத்தள நெடுக்கம். மூன்றும் சரியானவைதாம். ஆனால் பறக்கும் நேரமும் நெடுக்கமும், எறிந்த மட்டத்துக்கே பொருள் திரும்பி வந்து விழும்போது மட்டுமே செல்லும். மாடியிலிருந்து எறிந்தால் செல்லாது. தரையிலிருந்து எறிந்தது கூரைமேல் விழுந்தாலும் செல்லாது. வினாவைப் படித்ததும் 'இதற்கு எந்தச் சூத்திரம்?' என்று தேடத் தொடங்குவதுதான் பெரும்பாலான தவறுகளின் வேர். எனவே அந்த மூன்றையும் இங்கே பாதிவழி தாண்டியே தொடுகிறோம். அதற்கு முன், எல்லா எறிபொருள் கணக்குக்கும் ஒத்துவரும் ஒரே முறையைப் பழகிக்கொள்வது நல்லது. சூத்திரங்களைச் சொற்களிலேயே எழுதியிருக்கிறோம். உங்கள் வகுப்பில் எந்தக் குறியீடு வழக்கமோ அதைப் போட்டுக்கொள்ளலாம்.

எறிந்த பொருளின்மேல், காற்றுத்தடையை விட்டுவிட்டால், கிடைத்திசையில் எந்த விசையும் இல்லை. ஆகவே அதன் கிடைவேகம் எறிந்த கணம் முதல் விழும் கணம் வரை மாறாது. செங்குத்துத் திசையில் புவியீர்ப்பு மட்டும் இருக்கிறது. அது செங்குத்து வேகத்தை ஒவ்வொரு வினாடிக்கும் 9.8 மீ/வி வீதம் கீழ்நோக்கி மாற்றுகிறது. இந்த இரண்டு இயக்கங்களும் ஒன்றையொன்று பாதிப்பதில்லை என்றும், இரண்டும் சேர்ந்தால் பாதை பரவளையமாகும் என்றும் கலிலியோ 1638-இல் வெளியிட்டார். நாம் போடும் ஒவ்வொரு கணக்கும் இதன்மேல்தான் நிற்கிறது. எறிபொருள் கணக்கு என்பது ஒரே தாளில் எழுதப்பட்ட இரண்டு தனிக் கணக்குகள். இரண்டுக்கும் பொதுவாக இருப்பது நேரம் ஒன்றுதான். ஒரு பக்கத்தில் நேரத்தைக் கண்டுபிடித்து மறுபக்கத்துக்குக் கொண்டுபோவதே தீர்க்கும் வழி.

பேனாவை எடுத்ததும் செய்யவேண்டியவை

முதலில் படம் வரையுங்கள். எறிந்த புள்ளி, விழும் புள்ளி, இரண்டுக்கும் இடையிலான உயர வேறுபாடு, தொடக்கத் திசைவேகத்தைக் காட்டும் அம்பு, அதன் கோணம் ஆகியவை படத்தில் இருக்க வேண்டும். அழகாக இருக்கவேண்டியதில்லை. விழும் புள்ளி எறிந்த புள்ளிக்கு மேலா, கீழா, சமமட்டமா என்பது தெரிந்தால் போதும்.

அடுத்தது குறி. எறிந்த புள்ளியைத் தொடக்கப்புள்ளியாகவும் மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகவும் வைத்துக்கொண்டு, கணக்கு முடியும்வரை மாற்றாதீர்கள். இப்படி வைத்தால் முடுக்கம் எப்போதும் −9.8 மீ/வி². பொருள் ஏறும்போதும் அதேதான், இறங்கும்போதும் அதேதான். இறங்கும்போது வேகம் கூடுகிறதே, முடுக்கத்தை நேர்க்குறியாக்க வேண்டாமா என்ற ஐயம் பலருக்கு வரும். வேண்டாம். இறங்கும்போது செங்குத்து வேகமே எதிர்க்குறியில் இருக்கிறது. எதிர்க்குறி முடுக்கம் அதை இன்னும் எதிர்ப்பக்கம் தள்ளுகிறது. அதனால்தான் வேகம் கூடுகிறது. குறிகள் தாமே பார்த்துக்கொள்ளும். இதைப் புரிந்துகொண்டால் பயணத்தை 'ஏறும் பகுதி', 'இறங்கும் பகுதி' என்று வெட்டவேண்டிய தேவையும் இல்லை. வெட்டினாலும் விடை வரும், ஆனால் ஒரு கணக்கு இரண்டாகி, தவறுக்கு இடமும் இரட்டிப்பாகும்.

பிறகு திசைவேகத்தைப் பிரியுங்கள். கோணம் கிடைத்தளத்துடன் கொடுக்கப்பட்டிருந்தால்:

கிடைவேகம் = தொடக்க வேகம் × காஸ் (எறிகோணம்)
தொடக்கச் செங்குத்து வேகம் = தொடக்க வேகம் × சைன் (எறிகோணம்)

வினாத்தாள் எழுதுபவர்கள் சில நேரம் 'செங்குத்துடன் 30° கோணத்தில்' என்று கொடுப்பார்கள். அங்கே சைனும் காஸும் இடம் மாறும். எது எங்கே என்று மனப்பாடம் செய்வதைவிடப் படத்தைப் பார்ப்பது பாதுகாப்பானது: அம்பு தரையை ஒட்டிச் சாய்ந்திருந்தால் கிடைவேகம் பெரியதாக வரவேண்டும், நிமிர்ந்திருந்தால் செங்குத்து வேகம் பெரியதாக வரவேண்டும். கீழ்நோக்கிச் சாய்த்து எறிந்திருந்தால் தொடக்கச் செங்குத்து வேகத்துக்கு எதிர்க்குறி போட மறக்கக்கூடாது.

கால்குலேட்டரையும் இந்த இடத்திலேயே சோதித்துவிடுங்கள். சைன் 30 போட்டால் 0.5 வரவேண்டும். −0.988 வந்தால் அது ரேடியனில் இருக்கிறது, 0.454 வந்தால் கிரேடியனில் இருக்கிறது. வேகம் கி.மீ./மணியில் இருந்தால் 3.6-ஆல் வகுத்து மீ/வி ஆக்குங்கள், 72 கி.மீ./மணி என்பது 20 மீ/வி.

சொற்களில் ஒளிந்திருக்கும் எண்கள்

வினாவில் எண்ணாகத் தராமல் சொல்லாகத் தரும் தகவல்கள் உண்டு. 'கிடையாக எறியப்பட்டது' என்றால் தொடக்கச் செங்குத்து வேகம் 0. 'உச்சியில்' என்றால் அந்தக் கணத்தில் செங்குத்து வேகம் 0. கவனியுங்கள், செங்குத்து வேகம் மட்டும்தான்; கிடைவேகம் அங்கேயும் முழுதாக இருக்கிறது, முடுக்கமும் 9.8 ஆகவே இருக்கிறது. உச்சியில் பொருள் நின்றுவிடுகிறது என்று எழுதினால் அது தவறு. நேர் செங்குத்தாக எறிந்தால் மட்டுமே அப்படி நடக்கும். 'தரையை மோதும்போது' என்றால் மோதுவதற்குச் சற்றுமுன் என்று பொருள். தரையில் கிடக்கும் பொருளின் வேகம் சுழி என்பதால் இறுதி வேகத்தைச் சுழி என்று போடுவது அடிக்கடி நடக்கும் பிழை. தரை தொட்ட பிறகு நம் சமன்பாடுகளுக்கு அங்கே வேலை இல்லை.

'விமானத்திலிருந்து விடப்பட்டது', 'ஏறிக்கொண்டிருக்கும் பலூனிலிருந்து நழுவியது' என்ற சொற்களில் இன்னும் பெரிய எண் ஒளிந்திருக்கிறது. விடப்பட்ட கணத்தில் பொருளுக்கு வாகனத்தின் திசைவேகம் அப்படியே இருக்கும். 80 மீ/வி வேகத்தில் கிடையாகப் பறக்கும் விமானம் 490 மீ உயரத்திலிருந்து ஒரு மூட்டையை விட்டால், விழ ஆகும் நேரம் 10 வினாடி. அதற்குள் மூட்டை 800 மீ முன்னே போய்விடும். தொடக்க வேகம் சுழி என்று எடுத்தவர் மூட்டையை விட்ட இடத்துக்கு நேர் கீழே விழுந்ததாக எழுதுவார். பலூனும் அப்படித்தான். 9.8 மீ/வி வேகத்தில் ஏறும் பலூனிலிருந்து 39.2 மீ உயரத்தில் கல் நழுவினால் அது தரைக்கு வர 4 வினாடி ஆகும். சுழியிலிருந்து தொடங்கியதாக எடுத்தால் 2.83 வினாடி என்று தவறாக வரும்.

இரண்டு பத்திகள், ஒரு நேரம்

தாளை நடுவில் ஒரு கோடு போட்டுப் பிரியுங்கள். இடப்பக்கம் கிடைத்திசை. அங்கே மூன்றே அளவுகள்: கிடைத்தூரம், கிடைவேகம், நேரம். ஒரே ஒரு சமன்பாடு:

கிடைத்தூரம் = கிடைவேகம் × நேரம்

வலப்பக்கம் செங்குத்துத் திசை. அங்கே ஐந்து அளவுகள்: தொடக்கச் செங்குத்து வேகம், இறுதிச் செங்குத்து வேகம், செங்குத்து இடப்பெயர்ச்சி, முடுக்கம், நேரம். முடுக்கம் எப்போதும் தெரியும். மற்ற நான்கில் இரண்டு தெரிந்தால் மீதி இரண்டும் கிடைத்துவிடும்:

இறுதிச் செங்குத்து வேகம் = தொடக்கச் செங்குத்து வேகம் − 9.8 × நேரம்
செங்குத்து இடப்பெயர்ச்சி = தொடக்கச் செங்குத்து வேகம் × நேரம் − 4.9 × நேரம்²
(இறுதிச் செங்குத்து வேகம்)² = (தொடக்கச் செங்குத்து வேகம்)² − 19.6 × செங்குத்து இடப்பெயர்ச்சி

தெரிந்தவற்றை அந்தந்தப் பத்தியில் எழுதி, தெரியாததற்குக் கேள்விக்குறி போடுங்கள். எந்தப் பத்தியில் போதிய தகவல் இருக்கிறதோ அங்கே நேரத்தைக் கண்டுபிடியுங்கள். வலப்பக்க எண் இடப்பக்கச் சமன்பாட்டுக்குள் நுழைந்தால், அல்லது பிரிக்காத முழு வேகம் எந்தப் பத்தியிலாவது நுழைந்தால், அங்கேயே நிறுத்திச் சரிபாருங்கள்.

முழுதாக ஒரு கணக்கு

14.7 மீ உயரமான கட்டடத்தின் மேலிருந்து, கிடைத்தளத்துடன் 30° மேல்நோக்கி, 19.6 மீ/வி வேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது. அது எங்கே விழும், எந்தத் திசைவேகத்தில் தரையை மோதும்?

கிடைவேகம் = 19.6 × 0.8660 = 16.97 மீ/வி. தொடக்கச் செங்குத்து வேகம் = 19.6 × 0.5 = 9.8 மீ/வி. தரை எறிந்த புள்ளிக்குக் கீழே இருப்பதால் செங்குத்து இடப்பெயர்ச்சி −14.7 மீ. இந்த எதிர்க்குறியில்தான் கணக்கு நிற்கிறது. பந்து முதலில் மேலே போய்ப் பிறகு கீழே வந்தது பற்றி இடப்பெயர்ச்சிக்குக் கவலை இல்லை. தொடங்கிய இடத்துக்கும் முடிந்த இடத்துக்கும் உள்ள வேறுபாடு மட்டுமே அதற்கு வேண்டும்.

வலப்பத்தியில் இரண்டு அளவுகள் தெரிந்துவிட்டன. எனவே நேரம் அங்கேதான் கிடைக்கும்:

−14.7 = 9.8 × நேரம் − 4.9 × நேரம்²

இரண்டு பக்கமும் 4.9-ஆல் வகுத்து ஒழுங்குபடுத்தினால்:

நேரம்² − 2 × நேரம் − 3 = 0

மூலங்கள் 3, −1. நேரம் 3 வினாடி. −1 ஏன் வந்தது? அதே பரவளையத்தைப் பின்னோக்கி நீட்டினால், எறிவதற்கு ஒரு வினாடி முன்பு பந்து தரைமட்டத்தில் இருந்திருக்கும். சமன்பாட்டுக்குக் கட்டடம் இருப்பது தெரியாது. அது பாதையை மட்டும் அறியும். நம் கதை சுழியாவது வினாடியில் தொடங்குவதால் அந்த மூலத்தை விட்டுவிடுகிறோம். விடைத்தாளில் இதற்கு ஒரு வரி எழுதுங்கள். காரணம் சொல்லாமல் அடித்துவிடாதீர்கள்.

இப்போது நேரத்தை இடப்பத்திக்குக் கொண்டுபோங்கள்: கிடைத்தூரம் = 16.97 × 3 = 50.9 மீ.

மோதும் கணத்தில் செங்குத்து வேகம் = 9.8 − 29.4 = −19.6 மீ/வி. எதிர்க்குறி, அதாவது கீழ்நோக்கி. மொத்த வேகம் = √(16.97² + 19.6²) = 25.9 மீ/வி. திசை: 19.6-ஐ 16.97-ஆல் வகுத்தால் 1.155, அதன் டேன் நேர்மாறு 49.1°. கிடைத்தளத்துக்குக் கீழே 49.1° என்று எழுதினால்தான் விடை முழுமையாகும். திசைவேகம் கேட்ட இடத்தில் வேகத்தை மட்டும் எழுதுவது பாதி விடை.

இதைச் சரிபார்க்க ஆற்றல் அழியாமை விதி மிக நல்ல கருவி. இறுதி வேகம்² = தொடக்க வேகம்² + 19.6 × இறங்கிய உயரம். இங்கே 384.16 + 288.12 = 672.28, அதன் வர்க்கமூலம் 25.9. கோணமே இதில் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். அதே வேகத்தில் எந்தக் கோணத்தில் எறிந்தாலும் தரையை மோதும் வேகம் ஒன்றுதான். திசை மட்டும் மாறும். கணக்கிட்டதில் பிழை செய்திருந்தால் இந்தச் சோதனையில் பெரும்பாலும் அது வெளிவந்துவிடும். ஆனால் சைனும் காஸும் இடம் மாறியிருந்தால் இது காட்டிக்கொடுக்காது.

அந்த மூன்று சூத்திரங்கள்

வலப்பத்தியில் இடப்பெயர்ச்சியைச் சுழி என்று போட்டால், அதாவது எறிந்த மட்டத்துக்கே திரும்பினால், நேரம் = 2 × தொடக்கச் செங்குத்து வேகம் ÷ 9.8. இதுவே பறக்கும் நேரம். இதைக் கிடைவேகத்தால் பெருக்கினால் நெடுக்கம்:

நெடுக்கம் = தொடக்க வேகம்² × சைன் (2 × எறிகோணம்) ÷ 9.8

மூன்றாவது சமன்பாட்டில் இறுதிச் செங்குத்து வேகத்தைச் சுழியாக்கினால் பெரும உயரம் = (தொடக்கச் செங்குத்து வேகம்)² ÷ 19.6. இது விழும் மட்டத்தைப் பொறுத்ததல்ல, எப்போதும் செல்லும். ஆனால் எறிந்த புள்ளியிலிருந்துதான் அளக்கிறது. மேலே பார்த்த பந்து எறிந்த இடத்திலிருந்து 4.9 மீ ஏறுகிறது. தரையிலிருந்து உயரம் கேட்டால் 14.7-ஐக் கூட்டி 19.6 மீ என்று சொல்ல வேண்டும். அதே கணக்கில் நெடுக்கச் சூத்திரத்தைப் போட்டிருந்தால் 33.9 மீ வந்திருக்கும். உண்மை 50.9 மீ. பந்து கட்டடத்தின் மட்டத்துக்குத் திரும்பி வரும் இடத்தைத்தான் சூத்திரம் சொல்லியிருக்கிறது, அதற்குப் பிறகு விழுந்த ஒரு வினாடியை அது அறியாது.

நெடுக்கம் கொடுத்துக் கோணம் கேட்டால் கால்குலேட்டர் ஒரு விடையை மட்டும் காட்டும். 28 மீ/வி வேகத்தில் எறிந்து, அதே மட்டத்தில் 40 மீ தொலைவில் விழவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வேகம்² ÷ 9.8 = 80. எனவே சைன் (2 × கோணம்) = 0.5. கால்குலேட்டர் 30° என்னும், கோணம் 15°. ஆனால் சைன் 150°-உம் 0.5 தான், அதில் கோணம் 75°. இரண்டும் சரியான விடைகள். கூட்டினால் 90° வருவது எப்போதும் நடப்பது. 15°-இல் பந்து 2.68 மீ மட்டுமே ஏறி 1.48 வினாடியில் விழுகிறது, 75°-இல் 37.3 மீ ஏறி 5.52 வினாடி கழித்து அதே இடத்துக்கு வருகிறது. 'மரத்துக்கு மேலாக', 'மிகக் குறைந்த நேரத்தில்' போன்ற சொல் வினாவில் இருந்தால் அது இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கத் தரப்பட்டது. சைன் (2 × கோணம்) ஒன்றைத் தாண்டினால் அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் எறியவே முடியாது என்று பொருள். கால்குலேட்டர் பிழை காட்டுவது அதைத்தான்.

எல்லைக்கோட்டைத் தாண்டுமா?

சில கணக்குகளில் நேரம் வலப்பத்தியில் கிடைக்காது. ஒரு மட்டையாளர் தரையிலிருந்து 1 மீ உயரத்தில் பந்தை 27 மீ/வி வேகத்தில், 40° கோணத்தில் அடிக்கிறார். 70 மீ தொலைவில் எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் தடுப்பாளர் கையை உயர்த்திக் குதித்தால் 2.5 மீ எட்டும். பந்து அவரைத் தாண்டுமா? பந்தின் இறுதி உயரமும் தெரியாது, இறுதி வேகமும் தெரியாது. ஆனால் கிடைத்தூரம் தெரியும். எனவே நேரத்தை இடப்பத்தியில் எடுக்கிறோம்.

கிடைவேகம் = 27 × 0.76604 = 20.683 மீ/வி. நேரம் = 70 ÷ 20.683 = 3.384 வினாடி. தொடக்கச் செங்குத்து வேகம் = 27 × 0.64279 = 17.355 மீ/வி. அந்த நேரத்தில் பந்தின் உயரம்:

1 + 17.355 × 3.384 − 4.9 × 3.384² = 1 + 58.7 − 56.1 = 3.6 மீ

தாண்டிவிடும். இப்போது ஈர்ப்பு முடுக்கத்தை 9.8-க்குப் பதில் 10 என்று எடுத்துப் பாருங்கள்: 1 + 58.7 − 57.3, அதாவது 2.5 மீட்டருக்குச் சற்றுக் கீழே. ஆறு ஓட்டம் கேட்ச் ஆகிவிட்டது! மாற்றியது 2 விழுக்காடுதான். ஆனால் கிட்டத்தட்டச் சமமான இரண்டு பெரிய எண்களைக் கழிக்கும்போது, பெரிய எண்ணில் இருந்த சிறு பிழை முழுதாகச் சிறிய விடையின் தலையில் இறங்குகிறது. நடுவில் நேரத்தை 3.4 என்று முழுமையாக்கினாலே விடை 25 செ.மீ. குறையும். ஆகவே இடைப்பட்ட எண்களைக் கால்குலேட்டரின் நினைவகத்திலேயே வைத்திருந்து, கடைசியில் மட்டும் முழுமையாக்குங்கள். ஈர்ப்பு முடுக்கத்துக்கு வினாவில் எந்த மதிப்பு தந்திருக்கிறார்களோ அதையே கடைசிவரை பயன்படுத்துங்கள். பாதியில் மாற்றினால் இரண்டுக்கும் இடையிலான ஒரு விடை வரும், எதனோடும் பொருந்தாது.

வேகம் தெரியாதபோது

தொடக்க வேகமே கேள்வியாக இருந்தால் இரண்டு பத்தியிலும் அது தெரியாத அளவாக நிற்கும், நேரமும் தெரியாது. அப்போது இடப்பத்தியில் நேரத்தைத் 'தூரம் ÷ கிடைவேகம்' என்று எழுதி வலப்பத்தியில் அப்படியே பிரதியிடுங்கள். நேரம் மறைந்து பாதையின் சமன்பாடு வரும்:

உயர வேறுபாடு = தூரம் × டேன் (கோணம்) − 4.9 × தூரம்² ÷ (வேகம் × காஸ் கோணம்)²

கூடைப்பந்தில் வளையத்தின் உயரம் 3.05 மீ. வீரர் 2.05 மீ உயரத்திலிருந்து, வளையத்தின் மையத்துக்கு 4.2 மீ தொலைவில் நின்று 52° கோணத்தில் எறிந்தால் என்ன வேகம் வேண்டும்? உயர வேறுபாடு 1.0 மீ. தூரம் × டேன் 52° = 4.2 × 1.280 = 5.376 மீ. ஈர்ப்பே இல்லாவிட்டால் பந்து அந்த உயரத்தில் போயிருக்கும், 1.0 மீட்டரில் இருக்கவேண்டுமானால் போகும் வழியில் 4.376 மீ விழுந்திருக்க வேண்டும். எனவே 4.9 × நேரம்² = 4.376; நேரம் = 0.945 வினாடி. கிடைவேகம் = 4.2 ÷ 0.945 = 4.44 மீ/வி. இதைக் காஸ் 52°-ஆல் (0.6157) வகுத்தால் 7.22 மீ/வி.

பாதைச் சமன்பாட்டை மனப்பாடம் செய்யாமலே இப்படி 'நேர்கோட்டிலிருந்து எவ்வளவு விழவேண்டும்' என்று கேட்டுத் தீர்த்துவிட முடிகிறது. எங்களுக்கு இந்த வழியே பிடிக்கும். இதில் ஒவ்வொரு எண்ணுக்கும் பொருள் இருக்கிறது. இலக்கு அந்த நேர்கோட்டுக்கு மேலே இருந்தால், எவ்வளவு வேகமாக எறிந்தாலும் எட்டாது என்பதும் உடனே தெரிந்துவிடும்.

45° எப்போதும் சிறந்ததா?

எறிந்த மட்டத்திலேயே விழும்போது மட்டும். குண்டு எறிதலில் குண்டு கையைவிட்டுக் கிளம்புவது ஏறத்தாழ 2 மீ உயரத்தில். 2.1 மீ உயரத்திலிருந்து 14 மீ/வி வேகத்தில் விடுவதாகக் கொள்வோம். அதிகத் தூரம் தரும் கோணத்தின் டேன் = வேகம் ÷ √(வேகம்² + 19.6 × உயரம்) = 14 ÷ √237.16 = 14 ÷ 15.4. கோணம் 42.3°. அப்போது தூரம் 14 × 15.4 ÷ 9.8 = 22.0 மீ. 45°-இல் விட்டால் 21.92 மீ, இழப்பு 8 செ.மீ. மட்டும். 37°-இல் விட்டாலும் 21.70 மீ வரும்.

உச்சத்தின் அருகில் கோணத்துக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. வேகத்துக்கு உண்டு: 37°-இலேயே வேகம் 14.3 மீ/வி ஆனால் தூரம் 22.5 மீ. செங்குத்தாகத் தள்ளத் தள்ள, கையின் விசையில் ஒரு பங்கு குண்டின் எடையைத் தாங்கவே போய்விடுகிறது; உடலமைப்பும் தாழ்ந்த கோணத்தில்தான் அதிக வலுவைத் தருகிறது. அதனால் வீரர்கள் 42°-க்கும் குறைவான கோணத்தில் விடுகிறார்கள்.

காற்றுத்தடையைப் புறக்கணிப்பது எங்கே நியாயம் என்பதற்கும் இந்தக் குண்டு நல்ல சான்று. ஆண்கள் எறியும் 7.26 கி.கி. குண்டுக்கு 14 மீ/வி வேகத்தில் காற்றுத்தடை அதன் எடையில் ஒரு விழுக்காடுகூட வராது. நம் கணக்கு அப்படியே பொருந்தும். ஏறத்தாழ 160 கிராம் எடையுள்ள கிரிக்கெட் பந்துக்கு 27 மீ/வி வேகத்தில் அந்தத் தடை எடையில் பாதியளவுக்கு வந்துவிடுகிறது. மேலே கண்ட எல்லைக்கோட்டுக் கணக்கு தாளில் சரி; உண்மை மைதானத்தில் அந்தப் பந்து 70 மீட்டருக்கு முன்பே விழுந்துவிடும்.

பழகிப் பார்க்க இரண்டு கணக்குகள்

ஒன்று: தரையிலிருந்து 24.5 மீ/வி வேகத்தில் ஒரு பந்து எறியப்படுகிறது. எறிகோணத்தின் சைன் 0.8, காஸ் 0.6. அது மேலேறி, இறங்கி வரும்போது 14.7 மீ உயரமான தட்டைக் கூரையின்மேல் விழுகிறது. கிடைத்தூரம் எவ்வளவு? விடை 44.1 மீ. 14.7 மீ என்று வந்திருந்தால் நேரம் 1 வினாடி என்ற மூலத்தை எடுத்திருக்கிறீர்கள். அது பந்து ஏறும்போது அந்த உயரத்தைக் கடக்கும் கணம். இரண்டு மூலங்களும் நேர்க்குறியில் வரும் கணக்கில், இறங்கும்போது நடப்பது எப்போதும் பெரிய மூலம்.

இரண்டு: 29.4 மீ உயரத்திலிருந்து, கிடைத்தளத்துக்குக் கீழே 30° சாய்த்து, 9.8 மீ/வி வேகத்தில் கல் எறியப்படுகிறது. அடிவாரத்திலிருந்து எவ்வளவு தூரத்தில் விழும்? விடை 17.0 மீ, 2 வினாடியில். உங்களுக்கு 3 வினாடியும் 25.5 மீட்டரும் வந்திருந்தால் தொடக்கச் செங்குத்து வேகத்துக்கு −4.9 போடாமல் 4.9 போட்டிருக்கிறீர்கள்; கல்லை மேல்நோக்கி எறிந்துவிட்டீர்கள்.